பச்சைத் தண்ணீர் விதை

ஹைதராபாத்
20 ஆகஸ்ட் 2024

அன்புள்ள மதினிக்கு மாரி எழுதுவது.

சளி ஒன்றைத் தவிர எனக்கு இங்கே குறையில்லை. உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? ஐஸ்வர்யாவுக்கு விழுந்த பல் முளைத்துவிட்டதா?

கையில் போன் இருக்கும்போது இவள் ஏன் காகிதத்தைத் தேடினாள் என்று நினைப்பீர்கள். நம் வீட்டில் இருப்பது ஒரே போன். அது அண்ணன் சட்டைப்பையில் இருக்கிறது. நான் 'மதினி' என்று வாயெடுத்ததும் ஸ்பீக்கரில் போட்டுவிடுவார். இனி நாம் பேசப்போவது அவர் காதில் விழவே கூடாது. அதனால்தான் பிச்சை முகம்மது அண்ணாச்சி கடை விலாசத்துக்கு இதை அனுப்புகிறேன்.

தீப்பெட்டி ஆபீசில் மிஷின் வந்து வேலை போனதிலிருந்து அண்ணன் அந்த இலைச்சாற்றுப் பீப்பாயோடுதான் குடித்தனம் நடத்துகிறார் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வேலிக்கருவை இலையை இடித்துப் புளித்த மோரில் போட்டு, அதில் விதையை ஊறவைத்துக் காயவைத்து விதைத்தால், முதல் மழைக்குப் பிறகு இருபது நாள் வானம் ஏமாற்றினாலும் பயிர் சாகாது என்கிறார். அதையே தொழிலாக வைத்து ஊர் ஊராக விதை பதப்படுத்திக் கொடுக்கப்போகிறாராம். இன்னொரு பக்கம் தூத்துக்குடி ஏஜெண்டு மஸ்கட்டில் இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் கிடங்கு வேலை இருக்கிறது, பொங்கலுக்குள் பதில் சொல் என்கிறான்.

போன வாரம் அண்ணன் என்னிடம் சொன்னது இது: "மாரி, நீ மருந்துக் கம்பெனியில எது கேக்கும் எது கேக்காதுன்னு சோதிச்சுப் பாக்குத பிள்ளை. நீயே சோதிச்சுச் சொல்லு. ஜெயிச்சா இங்கன கெடக்கேன். தோத்தா மஸ்கட். நீ சொல்லுததுக்குக் கட்டுப்படுதேன்."

என் தலையில் தூக்கி வைத்துவிட்டார். நான் அதில் பாதியை உங்கள் தலைக்கு மாற்றுகிறேன். நம் கம்பங்கொல்லையைப் பன்னிரண்டு துண்டாகப் பிரியுங்கள். ஆறு துண்டுக்குச் சாற்றில் ஊறிய விதை, ஆறு துண்டுக்குப் பச்சைத் தண்ணீரில் ஊறிய விதை. எந்தத் துண்டுக்கு எது என்று நான் சீட்டுக் குலுக்கிப் போட்டு எழுதி அனுப்புகிறேன். அது உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தால் போதும். அண்ணனுக்குத் தெரிந்தால் தன்னை அறியாமலேயே தன் துண்டில் ஒரு களை அதிகமாகப் பிடுங்கிவிடுவார். பெற்றவன் கை அப்படித்தான்.

செய்வீர்களா? பிள்ளைக்கு என் முத்தம்.

உங்கள்
செல்வமாரி

—

எப்போதும்வென்றான்
ஆவணி 16, ஞாயிறு

மாரிக்கு மதினியின் ஆசிகள்.

நானும் பிள்ளையும் உங்க அண்ணனும் சுகம். முழங்கால் அது பாட்டுக்கு வலிக்கிறது, நான் என் பாட்டுக்கு நடக்கிறேன். ஐஸ்வர்யாவுக்கு ஒரு பல் முளைத்து இன்னொன்று விழுந்துவிட்டது. உன் சளிக்கு மிளகைத் தட்டிப் போட்டுக் குடி.

கடிதத்தைக் கடையில் நின்றே படித்தேன். "என்ன தாயி, ஒளிச்சு ஒளிச்சு வாசிக்குதிய, யாரு எழுதுனது?" என்று அண்ணாச்சி கேலி செய்ய, அவர் சம்சாரம் ஜரினா அக்கா என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். வீட்டுக்காரனுக்குத் தெரியாமல் நாத்தனாரோடு கடிதப் போக்குவரத்து வைத்திருக்கிற ஒரே பெண் இந்தச் சீமையில் நானாகத்தான் இருப்பேன்.

நீ சொன்னதைச் செய்கிறேன். ஆனால் எனக்கு ஒன்று விளங்கவில்லை. மருந்து நல்லது என்றால் பன்னிரண்டு துண்டுக்கும் போட வேண்டியதுதானே? கெட்டது என்றால் ஒன்றுக்கும் வேண்டாம். வாடினால் வாடட்டும் என்று தெரிந்தே ஆறு துண்டு விதைப்பது என்ன நியாயம்? எங்கள் வீட்டில் பந்தி வஞ்சனை பெரிய பாவம் என்பார்கள். ஒரு வரிசைக்கு நெய் ஊற்றி அடுத்த வரிசைக்கு வெறும் பருப்பைப் போட்டால் அந்தச் சாப்பாடு யார் உடம்பிலும் ஒட்டாதாம். ஒரே நிலம், ஒரே விதை, கொடுக்கிறதும் ஒரே கை. எனக்கு என்னவோ போல் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், உன்னிடம் எனக்கென்ன வெட்கம். அவிய மஸ்கட்டுக்குப் போகக் கூடாது, மாரி. வேலை இல்லாமல் வீட்டைச் சுற்றி வந்தாலும் சரி, பீப்பாய் நாற்றம் வீடெல்லாம் அடித்தாலும் சரி. போகக் கூடாது. ஆகையால் இது ஜெயிக்க வேண்டும். ஜெயிக்க என்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுது.

உன் அன்பு மதினி
வள்ளிமயில்

—

ஹைதராபாத்
8 செப்டம்பர் 2024

அன்புள்ள மதினிக்கு,

மிளகு போட்டுக் குடித்தேன். சளி போய்விட்டது, தொண்டை எரிகிறது. முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கிறீர்களா?

ஜெயிக்க நாம் ஒன்றும் செய்யக் கூடாது, மதினி. அதுதான் இதில் கஷ்டம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அண்ணன் கொல்லை முழுக்கச் சாற்று விதை போட்டார், கம்பு நன்றாக விளைந்தது. பக்கத்துக் கொல்லை ராமசுப்பு மாமாவுக்கும் நன்றாகத்தான் விளைந்தது. அவர் போட்டது சும்மா விதை. அப்படியானால் விளையவைத்தது சாறா, மழையா? சொல்ல முடியாது. அதற்குத்தான் அந்த ஆறு துண்டு. அவை தோற்பதற்காக இல்லை, சாட்சி சொல்வதற்காக. சாட்சி இல்லாத வழக்கில் நான் என்ன தீர்ப்புச் சொல்ல?

செய்முறை இதுதான். இரண்டு பானை, ஒவ்வொன்றிலும் ஒன்றரைக் கிலோ விதை. முதல் பானையில் அண்ணன் கொடுக்கிற சாறு, இரண்டாவதில் பச்சைத் தண்ணீர். ஆறு மணி நேரம் ஊறட்டும். இரண்டையும் ஒரே நிழலில் இரண்டு நாள் காயவைத்து, ஒரே சாம்பலில் புரட்டிவிடுங்கள், நிறத்தையும் வாசனையையும் வைத்து அண்ணன் கண்டுபிடிக்காமல் இருக்க. பிறகு பன்னிரண்டு பையில் கட்டி எண் மட்டும் எழுதிக் கொடுங்கள். எந்த எண்ணுக்கு எந்தப் பானை என்ற சீட்டு இதோடு இருக்கிறது. அரிசிப் பானைக்குள் ஒளித்துவையுங்கள், அங்கே அண்ணன் கை போகாது என்று எனக்குத் தெரியும்.

எல்லாத் துண்டுக்கும் ஒரே நாள் விதைப்பு, ஒரே நாள் களை. ஒன்றுக்கு ஒரு பிடி உரம் என்றால் மற்றதற்கும் ஒரு பிடி.

பிள்ளைக்கு அத்தை கேட்டதாகச் சொல்லுங்கள்.

மாரி

—

எப்போதும்வென்றான்
புரட்டாசி 8, செவ்வாய்

அன்பு மாரிக்கு,

எல்லாரும் சுகம். உன் தொண்டை எரிச்சலுக்கு மோர் குடி, ஆனால் உங்க அண்ணன் பீப்பாய் மோர் வேண்டாம்.

விதைத்தாயிற்று. நேற்று டிராக்டர் வந்து சால் போட்டது. மண் காய்ந்து புழுதியாகப் பறந்தது, அந்தப் புழுதியிலேயே விதையைப் போட்டு மூடிவிட்டோம். இனி வானம் பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் பிடியை வழக்கம்போல நான்தான் எடுத்துக் கொடுத்தேன். துண்டுக்குத் துண்டு உங்க அண்ணன் சுண்ணாம்பில் எண் எழுதிக் குச்சி ஊன்றியிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தின மாதிரி இருக்கிறது.

ஊறப்போட்ட அன்று பெரிய கூத்து. பானை இரண்டையும் அடுக்களையில் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டேன். உங்க அண்ணன் வெளியே நின்றுகொண்டு, "ஏட்டி, எதுல எது இருக்குன்னு கண்ணை மட்டும் காட்டு" என்று கெஞ்சினார்கள். "உங்க தங்கச்சி என் கண்ணையும் சேத்துத் தச்சு அனுப்பியிருக்கா" என்றேன். சாறு போதாமல் இன்னொரு செம்பு மொண்டுவரப் போனபோதும் பின்னாலேயே வந்தார்கள். இரண்டு நாள் நிழலில் காய்ந்தது, சாம்பலில் புரட்டினேன், பை கட்டினேன். எல்லாம் ஒன்றுபோல இருந்தது.

சீட்டு அரிசிப் பானைக்குள் பத்திரம். நீ கவலைப்படாதே. மனசுக்குள் எனக்கு நல்லதாகவே படுகிறது.

வள்ளிமயில்

—

ஹைதராபாத்
6 அக்டோபர் 2024

அன்புள்ள மதினிக்கு,

நான் சுகம். பிள்ளைக்குக் காலாண்டுப் பரீட்சை எப்படிப் போனது? அங்கே இன்னும் மழை இல்லை என்று அண்ணன் போனில் சொன்னார். குரலில் கவலை இல்லை. கொஞ்சம் காயட்டும் என்றே காத்திருக்கிற மாதிரி இருந்தது.

உங்கள் கடிதத்தில் ஒரு இடத்தில் தடுக்கி நின்றேன். சாறு ஏன் போதவில்லை? ஒன்றரைக் கிலோ விதைக்கு அண்ணன் கொடுத்த ஒரு செம்பே தாராளமாகப் போதுமே. கோபித்துக்கொள்ளாதீர்கள், கம்பெனியில் ஆயிரம் தடவை இப்படிக் கேட்டுக் கேட்டு எனக்கு இதுவே குணமாகிவிட்டது. இரண்டாவது பானையில் பச்சைத் தண்ணீர்தானே ஊற்றினீர்கள்? 'ஆமாம்' என்று ஒரு வரி எழுதினால் போதும்.

முளைத்த பிறகு துண்டுக்குத் துண்டு முளையை எண்ணி எழுதுங்கள்.

மாரி

—

எப்போதும்வென்றான்
ஐப்பசி 26, செவ்வாய்

அன்பு மாரிக்கு,

ஒரு மாதமாக எழுதவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து போனது, இப்போது சுகம். பரீட்சையில் கணக்கில் மட்டும் நாற்பது. அத்தை மாதிரி வருவாள் என்று பார்த்தால் அம்மா மாதிரி வந்துவிட்டாள்.

இங்கே நடந்ததைக் கேள். தீபாவளிக்கு முன்னால், புரட்டாசிக் கடைசியில் ஒரு நாள் நல்ல மழை. நாலாம் நாள் கொல்லை முழுக்கப் பச்சை. எண்ணினேன், துண்டுக்குத் துண்டு பெரிய வித்தியாசம் இல்லை. அதற்குப் பிறகு இருபத்தோரு நாள் ஒரு சொட்டு இல்லை, மாரி. கரிசல் வெடித்து உள்ளங்கை போகிற அளவு பிளந்துவிட்டது. ராமசுப்பு மாமா கொல்லையில் பாதிக்கு மேல் கருகிவிட்டது. அவர் வரப்பில் நின்று நம் கொல்லையைப் பார்த்து, "ஏலே பாண்டி, ராத்திரி எவனாவது தண்ணி கட்டுதானா?" என்று கேட்டார். உங்க அண்ணன் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

பன்னிரண்டும் நிற்கிறது! ஒரு துண்டுகூட வாடவில்லை. போன வாரம் மறுபடி மழை வந்துவிட்டது, இனிப் பயமில்லை. மருந்து ஜெயித்துவிட்டது, மாரி. ஏஜெண்டுக்கு வேண்டாம் என்று சொல்லிவிடச் சொல்லலாமா? உன் வாயால் சொன்னால்தான் அவிய கேட்பார்கள்.

இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்குகிறது. கோயிலுக்கு ஒரு தேங்காய் உடைத்தேன், உன் பேரிலும் ஒன்று.

வள்ளிமயில்

—

எப்போதும்வென்றான்
8 டிசம்பர் 2024

அன்புத் தங்கை செல்வமாரிக்கு அண்ணன் பாண்டிராஜ் எழுதுவது.

நலமாக இருக்கிறாயா? வேளைக்குச் சாப்பிடு. போனில் சொன்னால் உன் மதினி காதில் விழும் என்பதால் கடிதமாக எழுதுகிறேன். கடிதம் எழுதிப் பதினைந்து வருஷம் இருக்கும், எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே.

கம்பு கதிர் வாங்கி நிற்கிறது. பார்க்கிறவர்கள் எல்லாரும் பாராட்டுகிறார்கள். எனக்கு மட்டும் குழப்பமாக இருக்கிறது. எது என் சாற்று விதை, எது சும்மா விதை என்று விதைத்த பிறகு நான் யாரையும் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். ஆனால் பார்த்தாலே தெரிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். தினமும் காலையில் ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் நடக்கிறேன். ஒரு நாள் நாலாவதுதான் என்னுடையது என்று தோன்றுகிறது, மறுநாள் ஐந்தாவது என்று தோன்றுகிறது. பெற்ற பிள்ளையை அடையாளம் தெரியாத தகப்பனாக நிற்கிறேன்.

எல்லாம் ஒன்றுபோல நல்லா இருந்தால் அதற்கு என்ன அர்த்தம், மாரி? நல்லதா கெட்டதா? வள்ளி நல்லது என்று அடித்துச் சொல்கிறாள். எனக்கு அப்படித் தெரியவில்லை.

ஏஜெண்டு பொங்கலுக்குள் பதில் கேட்கிறான். நான் உனக்குக் கொடுத்த வாக்கில் மாற்றம் இல்லை. அண்ணன் என்று பார்த்துக் கூட்டியோ குறைத்தோ சொல்லிவிடாதே.

உன் அண்ணன்
பாண்டிராஜ்

—

எப்போதும்வென்றான்
மார்கழி 22, திங்கள்

அன்பு மாரிக்கு,

நாங்கள் சுகம். குளிருக்கு முழங்கால் கொஞ்சம் கூடுதலாகப் பேசுகிறது.

அறுத்து அடித்து நிறுத்தாயிற்று. நீ கார்டில் சொன்னபடி ஓரத்து வரிசைக் கதிரைக் கணக்கில் சேர்க்கவில்லை. துண்டு துண்டாக எடை எழுதின தாளை இதோடு வைத்திருக்கிறேன். தராசைப் பிடித்தது உங்க அண்ணன், எழுதினது நான், சரிபார்த்தது பிச்சை முகம்மது அண்ணாச்சி. "தங்கத்தைக் கூட எங்கன இவ்வளவு பாத்து நிறுக்காவ" என்று அவர் சலித்துக்கொண்டார்.

எந்தத் துண்டிலும் ஐம்பத்தாறு கிலோவுக்குக் குறையவில்லை, எதிலும் அறுபத்திரண்டைத் தாண்டவில்லை. ராமசுப்பு மாமாவுக்கு இதில் பாதிகூட வரவில்லை. இதற்கு மேல் என்ன ஜெயிக்க வேண்டும்? தாளைப் பார்த்துவிட்டு நல்ல பதிலாக எழுதிவிடு. பொங்கலுக்கு ஒரு வாரம்தான் இருக்கிறது.

நடுவில் நீ போட்ட இரண்டு கார்டும் வந்தன. வேலை மும்முரத்தில் பதில் எழுதவில்லை. புதுக் கம்பு மாவு இடித்து உனக்குப் பார்சல் அனுப்புகிறேன்.

வள்ளிமயில்

—

ஹைதராபாத்
13 ஜனவரி 2025

அன்புள்ள மதினிக்கு,

போகி நாளும் அதுவுமாக இந்தக் கடிதத்தை எழுத வேண்டியிருக்கிறது. மன்னித்துவிடுங்கள். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை.

சாற்று விதை போட்ட ஆறு துண்டும் சேர்த்து முந்நூற்று ஐம்பத்தொரு கிலோ. பச்சைத் தண்ணீர் விதை ஆறும் முந்நூற்று ஐம்பத்து நாலு கிலோ. வித்தியாசமே இல்லை. ராமசுப்பு மாமா விதையை ஊறவைக்காமல் போட்டார், வாடியது. நாம் ஊறவைத்துப் போட்டோம், நின்றது. ஆகக் காப்பாற்றியது ஊறல்தான். சாறு சும்மா. பச்சைத் தண்ணீரே போதும் என்றால் அண்ணனிடம் காசு கொடுத்து யார் விதை வாங்குவார்கள்?

இரண்டு நாள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு துண்டாவது தனித்து நிற்காதா என்று தேடினேன். நான் மூன்று தடவை கேட்டும் நீங்கள் பதில் எழுதாத அந்தக் கேள்வி ஞாபகம் வந்தது. எழுதாததை 'ஆமாம்' என்றே எடுத்துக்கொண்டேன்.

நேற்று அண்ணனிடம் போனில் சொல்லிவிட்டேன். "சரி தாயி. ஒரு பதிலு கிடைச்சுதுல்லா. அதுவே பெருசு" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

உங்களிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. இரண்டு வருஷம் ஓடிவிடும், மதினி.

மாரி

—

எப்போதும்வென்றான்
தை 8, செவ்வாய்

மாரிக்கு,

சுகமா என்று கேட்கக்கூட இன்றைக்கு மனசு வரவில்லை.

பச்சைத் தண்ணீர்ப் பானை என்று ஒன்று இருக்கவே இல்லை. இரண்டு பானையிலும் சாறுதான்.

வேண்டுமென்று செய்யவில்லை. செம்பில் தண்ணீரை மொண்டு கையில் வைத்துக்கொண்டுதான் நின்றேன். அந்த விதையைப் பார்த்தேன். இந்தப் பாதி வாடிவிட்டால் வருஷம் பூராவும் இந்தக் கையே என்னைக் கேட்குமே என்று தோன்றியது. தண்ணீரைக் கொட்டிவிட்டு இன்னொரு செம்பு சாறு மொண்டுவந்து ஊற்றினேன். என் கணக்கு இதுதான்: மருந்து நல்லது, பன்னிரண்டுக்கும் போட்டால் பன்னிரண்டும் விளையும், கொல்லை நிறைந்திருக்கிறதைப் பார்த்து நீ ஜெயித்தது என்பாய், அவிய இருந்துவிடுவார்கள். எல்லாம் நன்றாக விளைந்தால் அதற்குத் தோல்வி என்று பேர் என்பது எனக்கு எப்படித் தெரியும்? இப்போதும் விளங்கவில்லை. பிறந்த நாள் முதலாக விளைந்தால் ஜெயித்தது, காய்ந்தால் தோற்றது என்றுதான் கேட்டிருக்கிறேன்.

உன் கேள்வி ஒவ்வொரு தடவையும் வரும். பொய் எழுதக் கை வரவில்லை, உண்மையை எழுதினால் மறுபடி விதைக்கச் சொல்வாயோ என்று பயம். அதனால் மழையைப் பற்றி எழுதினேன்.

உங்க அண்ணன் பீப்பாயை வேலியோரம் கவிழ்த்துவிட்டார்கள். விசாவுக்குப் போட்டோ எடுக்கக் கோவில்பட்டிக்குப் போய்வந்தார்கள். என்னைப் பார்த்து, "ஏட்டி, நீ நல்லா எழுதிக் கணக்கு வச்ச, அதுக்கு நான் உனக்குக் கடன்பட்டிருக்கேன்" என்றார்கள். அப்போது சொல்லியிருக்க வேண்டும்.

நீ அவியளிடம் சொல். ஜெயித்தது என்று சொல். இருப்பார்கள்.

தை 21. இதை எழுதிப் பதிமூன்று நாள் ஆகிறது. சீட்டு இருந்த அதே அரிசிப் பானைக்குள் வைத்திருந்தேன். அவிய நேற்றுக் காலையில் போய்விட்டார்கள். இன்றைக்குத்தான் தபாலில் போடுகிறேன்.

வள்ளி

—

ஹைதராபாத்
12 பிப்ரவரி 2025

அன்புள்ள மதினிக்கு,

நீங்களும் பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. உங்கள் மேல் ஒரு நாள், என் மேல் மூன்று நாள். பதில் வராத கேள்வியை 'ஆமாம்' என்று எழுதிக்கொண்டவள் நான். கம்பெனியில் வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் நானே சீட்டைக் கிழித்து வெளியே அனுப்பியிருப்பேன்.

ஜெயித்தது என்று சொல்லச் சொல்கிறீர்கள். முடியாது, மதினி. மாமா கொல்லையில் விதை வேறு, உழவு வேறு, அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. நம் கொல்லையைக் காப்பாற்றியது சாறாகவும் இருக்கலாம், வெறும் ஊறலாகவும் இருக்கலாம். ஜெயிக்கவும் இல்லை, தோற்கவும் இல்லை. எனக்கே தலை சுற்றுகிறது.

வெள்ளிக்கிழமை மஸ்கட்டுக்குப் போன் போட்டு அண்ணனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் அப்படியே எழுதுகிறேன்.

"அப்போ என் மருந்து ஜெயிச்சுதா, மாரி?"

"தெரியாதுண்ணே."

"தோத்துதா?"

"அதுவும் தெரியாது."

"தெரியாததை நம்பி எப்படி தாயி திரும்பி வர?" என்றார். பிறகு, "வள்ளிய ஏசாத. வெள்ளாமை முழுசா வரணும்னு நெனச்சிருக்கா, சம்சாரி வீட்டுப் பொம்பள வேற எப்படி நெனப்பா?" என்றார். ஆனால் உங்களிடம் பேச இன்னும் கொஞ்ச நாள் ஆகும் என்றும் சொன்னார். அதையும் மறைக்க எனக்கு இஷ்டமில்லை.

வருகிற தையில் ஒரு வருஷம் முடிகிறது, அப்போது ஒப்பந்தத்தை விட்டு வரலாமாம். "மறுபடி வெதைக்கச் சொல்லு. ஜெயிச்சா வந்துருதேன். தோத்தா மிச்ச வருஷத்தையும் முடிச்சுட்டு வாரேன். ரெண்டுல ஒண்ணு தெரியட்டும்." இதுதான் அவர் வார்த்தை.

செய்வீர்களா, மதினி? இந்த முறை பச்சைத் தண்ணீர் பச்சைத் தண்ணீராகவே இருக்க வேண்டும்.

மாரி

—

எப்போதும்வென்றான்
ஐப்பசி 28, வெள்ளி
(2025)

அன்பு மாரிக்கு மதினி எழுதுவது.

பிள்ளையும் நானும் சுகம், நீயும் அப்படியே இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தோறும் உங்க அண்ணன் பேசுகிறார்கள். சித்திரை வரைக்கும் பிள்ளையிடம் மட்டும் பேசிவிட்டு வைத்துவிடுவார்கள். இப்போது என்னிடமும் பேசுகிறார்கள். கொல்லையைப் பற்றி மட்டும் நான் சொல்வதில்லை, அவியளும் கேட்பதில்லை.

இலை இடித்தது, மோர் ஊற்றினது எல்லாம் நானேதான். இரண்டாவது பானைக்கு ஜரினா அக்கா கண் முன்னாலேயே பச்சைத் தண்ணீர் ஊற்றினேன். அதற்குப் பிறகு நான் உனக்கு எழுதிக் கேட்டபடியே செய்தோம். காய்ந்த விதையை அக்கா தன் வீட்டுக்கு எடுத்துப்போய், நீ அனுப்பின சீட்டைப் பார்த்துப் பன்னிரண்டு பையில் கட்டி எண் எழுதினார்கள். நான் அந்தப் பக்கமே போகவில்லை. எந்தத் துண்டில் எது என்று எனக்குத் தெரியாது. என்னை நான் நம்பாததால்தான் அப்படிக் கேட்டேன். போன வாரம் வாய் தவறி அக்காவிடம் கேட்டுவிட்டேன். "கேக்காத வள்ளி, நான் சொல்லிருவேன்" என்று உள்ளே போய்விட்டார்கள்.

ஐப்பசி ஐந்தாம் தேதி மழை பெய்தது. அதோடு சரி, இன்றைக்கு இருபத்து மூன்று நாள். செவ்வாய்க்கிழமை கோயிலில் ஊரே கூடி மழைக்கு வேண்டிக்கொண்டது. ராமசுப்பு மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். நானும் கூட்டத்தில் நின்றேன். இன்னும் நாலு நாள் பெய்ய வேண்டாம், சாட்சி சொல்லட்டும் என்று நான் மட்டும் வேண்டிக்கொண்டேன். இதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? ஊர் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று இருக்கிறது.

இன்று காலை போய்ப் பார்த்தேன். மூன்று, ஏழு, பத்து மூன்றும் நன்றாகச் சுருண்டுவிட்டன. ஒன்றும் பன்னிரண்டும் பாதி. மற்ற ஏழு துண்டும் நிமிர்ந்து நிற்கின்றன. வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். சுருண்டது பச்சைத் தண்ணீர் விதை என்றால் அவிய தையில் வந்துவிடுவார்கள், நான் அந்த இடத்திலேயே விழுந்து கும்பிட வேண்டும். சுருண்டது சாற்று விதை என்றால் இன்னும் ஒரு வருஷம். அழுவதா கும்பிடுவதா என்று தெரியாமல் வெயில் ஏறும்வரை அங்கேயே இருந்தேன்.

வீட்டுக்கு வந்து நோட்டில் உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டேன், மூன்று, ஏழு, பத்து, ஒன்று, பன்னிரண்டு என்று. பாதிதானே என்று கடைசி இரண்டை விட்டுவிடப் பார்த்தேன். விடவில்லை.

சீட்டின் நகல் உன்னிடம் இருக்கிறது. இந்த எண்களைப் படித்த உடனே உனக்கு விளங்கிவிடும். எனக்கு எழுதாதே, மாரி. கதிர் அறுத்து நிறுக்கும்வரை ஒரு வார்த்தை எழுதாதே, போனிலும் குரலை மாற்றாதே. கிணற்றில் இன்னும் நாலு குடம் தண்ணீர் இருக்கிறது, எனக்குத் தெரிந்துவிட்டால் நான் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போய்விடுவேன்.

உன் மதினி
வள்ளிமயில்